அசையாத வெளிச்சம்

திருவொற்றியூர்க்காரர்களுக்கு விளக்கு விஷயத்தில் ஒரு முன்னோர் உண்டு. கலிய நாயனார். சேக்கிழார் அவர் கதையைப் பெரியபுராணத்தில் சொல்லியிருக்கிறார். சக்கரப்பாடித் தெருவில் செக்காட்டும் குடியில் பிறந்தவர். ஒற்றியூர்க் கோயிலில் உள்ளும் புறமும், இரவும் பகலும் விளக்கெரிப்பதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டவர். இருந்த செல்வமெல்லாம் எண்ணெயாகக் கரைந்தது. தன் குலத்தாரிடம் எண்ணெய் வாங்கி விற்றுக் கூலி பெற்றார். அதுவும் நின்றபோது அடுத்தவர் செக்கை ஆட்டினார். ஆட்கள் பெருகிப் போய் அந்த வேலையும் கிடைக்காமல் ஆனது. வீட்டை விற்றார். மனைவியை விற்கவும் துணிந்தார், வாங்க ஆளில்லை. கடைசியில் அகல்களை வரிசையாக வைத்துத் திரி போட்டு, எண்ணெய்க்குப் பதிலாகத் தன் கழுத்து ரத்தத்தையே ஊற்றத் துணிந்தார். அரிந்த கையை இறைவன் வந்து பிடித்துக்கொண்டார் என்று கதை முடிகிறது.

மனைவியை விற்கப் போன இடத்தில் எனக்கு அவர்மேல் தீராத கோபம். அந்த அம்மாளின் பக்கம் நின்று பார்த்தால் கதையை அதற்குமேல் நகர்த்த முடிவதில்லை. ஆனாலும் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. விளக்கு பொது இடத்தில் எரிகிறது, எண்ணெய் ஒரு வீட்டிலிருந்து போகிறது. எங்கள் கரைக்கு அந்தக் கணக்கு அப்புறமும் மாறவில்லை.

செக்கு போய்த் தீப்பெட்டி வந்தது. விம்கோ கம்பெனி இங்கே தீக்குச்சி செய்து ஊரெல்லாம் அனுப்பியது; அந்தப் பெயரில் இன்று மின்ரயில் நிறுத்தமும் மெட்ரோ நிலையமும் இருக்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பேசின் பிரிட்ஜில் நிலக்கரியை எரித்துப் பட்டணத்துக்கு மின்சாரம் எடுத்தார்கள். 1970களில் எண்ணூர் அனல் மின்நிலையம் ஓடத் தொடங்கியது, 450 மெகாவாட். அது 2017 மார்ச்சில் நின்றபோது, முகத்துவாரத்துக்கு அக்கரையில் 1994 முதலே வடசென்னை அனல் மின்நிலையம் ஓடிக்கொண்டிருந்தது, வல்லூரில் 1500 மெகாவாட்டுக்கு இன்னொன்றும் வந்துவிட்டது. அனல் மின்நிலையத்துக்கு நிலக்கரி இறக்கத்தான் எண்ணூர்த் துறைமுகமே முதலில் கட்டப்பட்டது. மின்சாரம் கம்பியில் தெற்கே போகிறது. சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் தங்குகிறது. காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக்குப்பத்திலும் இறால் பிடிக்கிறவர்கள் அந்தச் சாம்பல் சேற்றில் இறங்கித்தான் கையால் தடவ வேண்டியிருக்கிறது.

இந்த ஊரில் குழந்தைக்கு இரவு விளக்கு செய்வதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இவ்வளவையும் தாண்டித்தான் வர வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இங்கே இரவு இருட்டாக இருப்பதில்லை. மணலிப் பக்கம் சுத்திகரிப்பு ஆலையின் உச்சியில் தீ எரிகிறது, மேகம் தாழ்ந்த நாட்களில் அதன் செம்மை வானத்திலும் படுகிறது. புகைபோக்கிகளில் சிவப்பு விளக்குகள் விட்டு விட்டு மினுங்குகின்றன. கண்டெய்னர் யார்டுகளில் உயர்கோபுர விளக்குகள் விடியும்வரை எரிகின்றன. எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலிச் சாலையிலும் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கின்றன, நகர்கின்றன, மறுபடி நிற்கின்றன. வெளிச்சத்துக்கு இங்கே பஞ்சமே கிடையாது.

எர்ணாவூரில் என் தங்கையின் பேத்தி ராத்திரியில் டியூப் லைட் எரிந்தால்தான் தூங்குவாள். நிறுத்தினால் அழுகை. "இருட்டுன்னா அவளுக்கு ஆவாது" என்று தங்கை சொல்லிவிட்டாள். வீட்டில் எல்லோரும் அதையே சொன்னார்கள். ஒருநாள் அந்த அறையிலேயே பாய் போட்டுப் படுத்தேன். லைட்டை நிறுத்தினோம். அறை இருட்டவில்லை. எதிர் யார்டின் வெளிச்சம் ஜன்னல் கம்பிகளைச் சுவரில் வரிவரியாகப் போட்டிருந்தது. சுவரோரம் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. சாலையில் ஒரு டிரெய்லர் வந்தது. அதன் முகப்பு வெளிச்சம் ஜன்னலில் ஏற ஏற, கொடியில் கிடந்த ஆண்பிள்ளைச் சட்டையின் நிழல் சுவரில் நீண்டது, இரண்டு கைகளோடு அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்தது, கதவுக்குப் பின்னால் போய் மறைந்தது. குழந்தை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "தாத்தா, சட்ட நடக்குது."

நடக்கத்தான் நடந்தது. அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அவள் பயந்தது இருட்டுக்கு அல்ல, வெளியிலிருந்து கேட்காமல் உள்ளே வந்து சுவரில் ஓடும் வெளிச்சத்துக்கு. ஒற்றைத் திசையிலிருந்து, தாழ்ந்த கோணத்தில், நகர்ந்துகொண்டே வரும் ஒளி எந்தச் சாமானையும் ராட்சசனாக்கிவிடும். ஒளி இடமிருந்து வலம் போனால் நிழல் வலமிருந்து இடம் ஓடும். சுற்றிலும் மங்கலாக இருப்பதால் நிழல் இன்னும் எடுப்பாகத் தெரியும். அவள் அப்பா ஓட்டுவதும் அதே மாதிரி டிரெய்லர்தான். அவர் வண்டியின் வெளிச்சமும் இந்நேரம் வேறு ஏதோ ஒரு வீட்டுச் சுவரில் ஏறிக்கொண்டிருக்கும்.

இந்தப் பயத்துக்கு டியூப் லைட் ஒரு வழி என்பது உண்மை. நிழல்களையெல்லாம் அது அழித்துவிடும். ஆனால் தூக்கத்தையும் சேர்த்து அழிக்கிறது. 2022இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று முதல் ஐந்து வயதுவரையிலான குழந்தைகளைத் தூங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் வெவ்வேறு அளவு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். தூக்கத்துக்கு உடம்பைத் தயார் செய்யும் மெலட்டோனின், வெறும் 5 முதல் 40 லக்ஸ் வெளிச்சத்திலேயே சராசரியாக 78 சதவீதம் குறைந்துபோனது. நாற்பது லக்ஸ் என்பது நம் வீட்டு டியூப் லைட்டின் கீழ் கிடைப்பதைவிடக் குறைவு. குழந்தையின் கண்பாவை பெரியது, வில்லை தெளிவானது; பெரியவர்களைவிட அதிக ஒளி உள்ளே போகிறது. விழித்திரையில் பகலா இரவா என்று உடம்புக்குச் சேதி சொல்லும் உயிரணுக்கள் நீல ஒளிக்குத்தான் அதிகம் அசையும், 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி. சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் அவை அவ்வளவாக அசைவதில்லை. ஆகவே குழந்தை விளக்கு மங்கலாக இருக்க வேண்டும், சிவந்திருக்க வேண்டும், முக்கியமாக அசையக் கூடாது. கலங்கரை விளக்கு சுழல்வது கப்பல்காரனுக்குப் பயன். இது அதற்கு நேர் எதிர்.

இரவு விளக்கால் பார்வை கெடும் என்று ஒரு பேச்சு இன்னும் உலவுகிறது. 1999இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வுதான் அதற்கு மூலம். இரண்டு வயதுக்கு முன் விளக்கு வெளிச்சத்தில் தூங்கிய பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை அதிகம் என்றது அது. மறுவருடமே வேறு இரண்டு குழுக்கள் செய்து பார்த்ததில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. கிட்டப்பார்வை உள்ள பெற்றோரே அறையில் அதிகம் விளக்கு வைக்கிறார்கள், பிள்ளைக்கு வந்தது பெற்றோரின் கண் என்பதே பொருத்தமான விளக்கமாக நின்றது. அந்தக் கவலையை விட்டுவிடலாம்.

எங்கள் தலைமுறைக்குச் சிம்னி விளக்குதான். அது இல்லாத வீட்டில் மை பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு, திரியைச் செருகி, ரேஷன் கிருஷ்ணாயிலை ஊற்றிக் கொளுத்துவார்கள். காலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். அதுவும் வீட்டில் செய்த இரவு விளக்குதான், ஆனால் அதை நினைத்து உருக என்னால் முடியாது. ஒல்லியான பாட்டில், கால் பட்டால் சாயும், மூடி கழன்று எண்ணெய் பாயில் பரவும், தீ அதைத் தொடர்ந்து வரும். இலங்கையில் விஜய கொடகும்புர என்ற அறுவை மருத்துவர், இப்படிப் போத்தல் விளக்கு சாய்ந்து வெந்து வந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்துப் பார்த்து, கடைசியில் விளக்கையே மாற்ற முடிவு செய்தார். குட்டையான, கனமான கண்ணாடிக் குப்பி. உருண்டு ஓடாதபடி இரு பக்கம் தட்டை. திருகிப் போடும் உலோக மூடி. சாய்ந்தாலும் எண்ணெய் கொட்டாது. வேறு எந்த நுட்பமும் இல்லை. அதற்கு 1998இல் ரோலக்ஸ் விருது கிடைத்தது. ஒரு மருத்துவர் தன் வார்டுக்கு ஆள் வராமல் இருக்க வேண்டும் என்று விளக்கு செய்தார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அதே தீவின் வடக்கில் வேறொரு விளக்கு இருந்தது. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, சிறு திரி ஏற்றினார்கள். போத்தலின் சுவரே காற்றுக்கு மறைப்பானது. பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எழுதினார்கள். சொட்டுக் கணக்கில் எண்ணெய் வைத்திருந்த வீடுகள், இவ்வளவு சின்னச் சுடர் போதும் என்று கண்டுபிடித்தன. அந்த அளவு என்ன என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

கரண்ட் வந்த பிறகு நம் வீடுகளில் ஜீரோ வாட் பல்பு வந்தது. சிவப்பு, பச்சை, நீலம். பெயர்தான் ஜீரோ, உண்மையில் 15 வாட் வரை இழுக்கும். பழைய சக்கர மீட்டர்கள் அந்தச் சிறு அளவுக்கு அசையாததால் ஜீரோ என்ற பேர் ஒட்டிக்கொண்டது. சிவப்பு ஜீரோ வாட்டைப் போட்டவர்கள் தெரியாமலே சரியான நிறத்தைப் போட்டார்கள். நீலம் போட்டவர்கள் தெரியாமலே தவறான நிறத்தைப் போட்டார்கள். ஆனால் அந்தப் பல்பு உயரத்தில், சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் இருக்கும். மின்சாரம் போனால் அதுவும் போகும்.

மின்சாரம் போவது எங்களுக்குச் சின்ன விஷயமில்லை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது வடசென்னையில் பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. எண்ணூர் முகத்துவாரத்தில் வெள்ளத்தோடு கச்சா எண்ணெய்க் கழிவும் கலந்து வந்து படகுகளிலும் வலைகளிலும் அப்பியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் பக்கத்து ஜனங்கள் மூச்சுத் திணறி எழுந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினார்கள். சுனாமி வந்த அதே தேதி. அன்று ஓடியவர்களிடம் பேசியபோது பலரும் சொன்னது ஒன்றுதான்: கண் எரிகிறது, குழந்தை எங்கே படுத்திருக்கிறது என்று கையால் தடவ வேண்டியிருந்தது. லைட் போடப் பயம், எது வெடிக்குமோ என்று. வேறு ஊர்களில் குழந்தை அறைக்கு அழகுக்காக வைக்கிற விளக்கை இங்கே அந்த இரவையும் மனதில் வைத்துத்தான் செய்ய வேண்டும். நெருப்பு கூடாது. கரண்டை நம்பக் கூடாது. தரையோடு இருக்க வேண்டும். அதில் பாயும் கதவும் செருப்பும் தெரிய வேண்டும்.

நானும் குழந்தையும் செய்ததைச் சொல்கிறேன். கண் உள்ள பக்கத்துக் கொட்டாங்குச்சி ஒன்று, அவள் ஆயா தேங்காய் உடைத்தபோது எடுத்து வைத்தது. உடைந்த கண்ணாடித் துண்டால் நான் நாரைச் சுரண்டினேன், உப்புத்தாளால் அவள் தேய்த்தாள். தேங்காய்க்கு மூன்று கண். இரண்டு கண் கெட்டி, ஒன்று இளசு. முளை வெளியே வருவது அந்த இளங்கண் வழியாகத்தான். ஆணியை வைத்துச் சுற்றினால் அது மட்டும் சுலபமாகத் திறந்துகொள்ளும். எந்தக் கண் இளசு என்று அவளையே விரலால் தொட்டுக் கண்டுபிடிக்கச் சொன்னேன். கண்டுபிடித்துவிட்டு, "இதுக்கு ஒரு கண்ணு வலிக்குதா?" என்றாள். "வலிக்காது, அது வாசல்" என்றேன். அந்த வாசல் வழியாக ஒயரை உள்ளே விட்டோம்.

விளக்கு, ரிச்சி தெருவில் சில்லறையாகக் கிடைக்கிற சிவப்பு எல்.இ.டி. அது எரிய ஏறக்குறைய 2 வோல்ட் போதும். மூன்று பென்சில் செல் சேர்ந்தால் நாலரை வோல்ட். மிச்சத்தைத் தாங்க 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, மஞ்சள், ஊதா, பழுப்பு வளையம் போட்டது. அந்த மூன்று நிறத்தையும் அவள் அன்றே மனப்பாடம் செய்துவிட்டாள். எல்.இ.டி.யின் நீளக்கால் பிளஸ் பக்கம். இப்படிப் போட்டால் 5 மில்லிஆம்பியர் அளவுக்குத்தான் ஓடும். நல்ல ஆல்கலைன் செல்லாக இருந்தால் ஒரு மாதத்து இரவுகளைத் தாண்டும், மலிவு செல் அதற்கு முன்பே தளரும். செல் பெட்டிக்குத் திருகு மூடி உள்ளதையே வாங்க வேண்டும், பிள்ளை வாயில் செல் போகக் கூடாது. பட்டன் செல் பக்கமே போக வேண்டாம். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும்.

கொட்டாங்குச்சியைச் சுவரைப் பார்த்துக் கவிழ்த்து, ஒரு பக்கம் ஒரு விரல் இடைவெளி விட்டு நிறுத்தினோம். பல்பு கண்ணில் படாது, சுவரில் பட்டுத் திரும்பும் சிவப்பு மட்டும் தரையில் பரவும். முழு நிலவின் வெளிச்சம் ஏறக்குறைய கால் லக்ஸ். நிலாச்சோறு ஊட்டிய தாய்மாருக்கு அது போதுமாக இருந்தது. குழந்தையின் வாய் தெரிந்தது, முகம் தெரிந்தது. அதற்கு மேல் எனக்கும் தேவைப்படவில்லை. சுவிட்சைத் தரைக்குப் பக்கத்தில், படுத்தபடி அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தோம். போடுவதும் நிறுத்துவதும் அவள் இஷ்டம். யார்டு விளக்கை அவளால் நிறுத்த முடியாது, டிரெய்லரை நிறுத்த முடியாது. இது ஒன்றுதான் அவள் சொன்னபடி கேட்கும்.

விளக்கை எங்கே வைப்பது என்பதை அவளிடமே விட்டேன். தலைமாட்டில் வைப்பாள் என்று நினைத்தோம். அவள் கொடிக்கு நேர் கீழே கொண்டுபோய் வைத்தாள். கீழிருந்து போன சிவப்பு, சட்டையைச் சட்டையாகவே காட்டியது: பொத்தான், காலர், கிழிந்த பை. டிரெய்லர் வந்தபோது சுவரில் நிழல் ஓடத்தான் செய்தது, ஆனால் ஓரம் மழுங்கியிருந்தது, எதிலிருந்து வருகிறது என்பதும் கண்ணெதிரே தெரிந்தது. துணியை எடுத்துவிட்டால் வேலை முடிந்துவிடுமே என்று கேட்கலாம். ஓர் அறை வீட்டில் மழைக்காலத்தில் துணி வேறெங்கே காயும்?

காசிமேட்டுப் பக்கம் இந்த விளக்குக்கு இன்னொரு தேவையும் இருக்கிறது. அங்கே விடிவதற்கு முன்பே ஏலத்துக்குக் கூடையோடு கிளம்பிவிடும் அம்மாக்கள் உண்டு. ஆண்கள் கடலில். பிள்ளை நடுவில் கண் விழித்தால் பக்கத்தில் பாய் காலியாக இருக்கும். லைட்டைப் போட்டுப் பிள்ளையை எழுப்பாமல் புடவை கட்ட, கூடை தேட அவர்களுக்கும் தரையோடு ஒரு சின்ன வெளிச்சம் வேண்டும். அங்கே ஒரு மீன்கார அம்மா, தனக்கு ஒன்று செய்துகொண்டபின், ஏலத்துக்கு வரும் மற்றவர்களுக்கென்று கொட்டாங்குச்சி சேர்த்து வைத்திருக்கிறார்.

கொட்டாங்குச்சியோடு இது நின்றுவிடக் கூடாது என்று நினைக்கிறேன். உயர்கோபுர விளக்கின் தலையைத் தரையைப் பார்த்துத் திருப்பி, வீட்டுப் பக்கம் ஒரு மறைப்புத் தகடு போட்டால் யார்டுக்கு வெளிச்சம் குறையாது, ஜன்னலுக்கு மட்டும் குறையும். வானத்துக்கும் வீட்டுச் சுவருக்கும் போகிற ஒளி யாருக்கும் வேலை செய்யாத ஒளி. ஊருக்கெல்லாம் மின்சாரம் அனுப்புகிற இடத்தில், தூங்கும் பிள்ளையின் கண்ணில் அது விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வது பெரிய கோரிக்கை இல்லை. சாலை ஓரம் டிரெய்லர்கள் காத்து நிற்கும் இடத்தில் முகப்பு விளக்கை அணைக்கச் சொல்லி ஒரு பலகை வைக்கலாம். ஓட்டுநர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், பேசினால் கேட்பார்கள். என் தங்கை மருமகன் இப்போதே அப்படித்தான் செய்கிறார்.

எர்ணாவூர் ஜன்னலுக்கு எதிரே நிற்கும் விளக்குக் கோபுரம் எந்த இடத்தில், எந்தத் திசை பார்த்து இருக்கிறது என்று படம் போட்டு மனு எழுதியாயிற்று. குடியிருப்பில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குகிறார்கள். முதல் கையெழுத்து மேல்மாடி அம்மா போட்டது. அவர் பேரனுக்கு அங்கே நடப்பது சட்டை இல்லையாம், குடையாம்.